நாகலூர் கமா ஏற்காடு கமா

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. கொடியில் துணி மூன்று நாளாக அப்படியே. தொட்டால் ஈரம்.

வேலை: கேஸ் சிலிண்டர் பதிவு. பால். பார்வதிக்கு வெள்ளை மாத்திரை (தீர்ந்துவிட்டது). பயிற்சி நூல், எட்டாம் பாடம்.

எட்டாம் பாடம்தான் கழுத்தைப் பிடிக்கிறது. ஆங்கில வாக்கியத்தில் தேதியும் ஊர்ப்பெயரும் வந்தால் கமா எங்கே போடுவது. சேலத்துப் பதிப்பகத்தார் இருபது வாக்கியம் கேட்கிறார்கள். பதினொன்று ஆகிவிட்டது. மாதம் முன்னால் வந்தால் தேதிக்குப் பின் ஒரு கமா, ஆண்டுக்குப் பின் இன்னொன்று. நம் வழக்கப்படி தேதி முன்னால் வந்தால் ஒன்றும் வேண்டாம். மாதமும் ஆண்டும் மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம். ஊருக்குப் பின் ஒன்று, மாவட்டத்துக்குப் பின் ஒன்று. இந்தக் கடைசிக் கமாவைத்தான் எவனும் போடுவதில்லை. முப்பது வருடம் கத்தியாயிற்று. தொட்டிலுக்கு ஒரு பக்கம் மட்டும் கயிறு கட்டுவார்களா? அதனால்தான் எனக்குக் கமா வாத்தியார் என்று பெயர். ரிட்டயர் ஆகி ஆறு வருடம் கழித்தும் பஜாரில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு வருத்தமில்லை.

டாக்டர் போன முறை சொன்னபடி சமையலறைக் கதவில் சிலேட்டு மாட்டியிருக்கிறேன். தினமும் கிழமை, தேதி, ஊர் எழுத வேண்டும். பா. அதைப் பார்த்துப் பழக வேண்டும். (பா. என்றால் பார்வதி. மனைவி பெயரை முழுதாக எழுத இப்போதெல்லாம் கை வருவதில்லை.) எழுதிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்து வைத்திருக்கிறாள்.

"ஏனுங்க, யாரோ கதவுல கிறுக்கி வெச்சிருந்தாங்க. தொடச்சிட்டனுங்க."

மறுபடி எழுதினேன். மறுபடி துடைத்தாள். மூன்றாம் முறை எழுதவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

சேலம், டாக்டர். இருபது கொண்டை ஊசி வளைவு. ஏழாவதில் பா. வாந்தி. பாலிதீன் பை எடுத்துப் போயிருந்தேன், நல்ல காலம்.

டாக்டர் சின்னப் பெண். பொறுமைசாலி. இன்று என்ன கிழமை என்றாள். பா. சிரித்தாள். என்ன மாதம்? "மாரியாத்தா நோம்பி வருதில்லீங்க, அந்த மாசம்." தப்பு. மூன்று பொருள் பேர் சொல்லித் திருப்பிக் கேட்டாள். பா. என் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையனைப் பார்ப்பது போல.

"சரிங்கம்மா, நீங்க எந்த ஊரு?"

உடனே வந்தது, தண்ணீர் மாதிரி. "வீ லிவ் இன் லைன் நம்பர் செவன் கமா நாகலூர் கமா ஏற்காடு கமா சேலம் டிஸ்ட்ரிக்ட் கமா."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டாள். "அம்மா இங்கிலீஷ் டீச்சருங்களா?"

அம்மா ஐந்தாம் வகுப்பு. எஸ்டேட் நர்சரியில் காப்பி நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவள். விளக்க வேண்டியதாயிற்று. நாகலூரில் எஸ்டேட் லைனில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தபோது சாயங்காலம் டியூஷன் எடுப்பேன். முன்னறையில் பிள்ளைகள், அடுப்படியில் பா. கமா பழக்குவதற்கு ஒரே ஒரு டிக்டேஷன் வாக்கியம்: 'நாங்கள் ஏழாம் நம்பர் லைனில் இருக்கிறோம், நாகலூர், ஏற்காடு, சேலம் மாவட்டம், எங்களுக்கு ஒரு பலாமரம் இருக்கிறது.' ஆங்கிலத்தில், கமாவையும் வாய்விட்டுச் சொல்லி. ஃபுல்ஸ்டாப் என்றதும் பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அது என் சட்டம். இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அதே வாக்கியம்தான். வேறு எழுதச் சோம்பல். முன்னறையில் கத்தியது அடுப்படியில் போய்ப் படிந்திருக்கிறது.

டாக்டர் சிரித்தாள். நானும் சிரித்தேன். பா.வும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல். "ஊரு கரெக்டா சொல்லிட்டாங்க" என்று டாக்டர் ஒரு மார்க் போட்டாள்.

சரியில்லை. நாகலூரை விட்டு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இப்போது இருப்பது ஏற்காடு டவுன், ஏரிக்கு மேல் சந்து. சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. முப்பதுக்கு ஒன்பது வாங்கியிருந்தாள். அந்த ஒன்றைப் பிடுங்க மனம் வரவில்லை. ஒரு கமா விட்டதற்கு அரை மார்க் குறைத்தவன் நான்.

ஜூன் 12, வியாழன்

தூறல். பலா வாசனை சந்து முழுக்க, எவர் வீட்டிலோ அறுக்கிறார்கள்.

பதிப்பகத்து எடிட்டர் பெண் என் பதினோரு வாக்கியத்திலும் கடைசிக் கமாவை எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறாள். "இப்ப யாரும் போடறதில்லைங்க சார்." யாரும் போடாததால்தானே பாடம் எழுதச் சொன்னீர்கள் என்று பதில் எழுதினேன். மூன்று பத்தி. அனுப்பியதும் ஒரு சந்தோஷம். இந்த வாரத்தில் முதல்.

பா. காலையிலிருந்து அம்மாவைத் தேடுகிறாள். அவள் அம்மா மாரமங்கலத்தில் இறந்து இருபது வருடம்.

"ஏனுங்க, எங்கம்மா வந்தாங்களாங்க?"

"இல்ல."

"மழையில வர முடியலையாட்ட இருக்குது."

இப்படி நாள் முழுக்க. இறந்துவிட்டாள் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் கேள்விப்படுவது போல அழுதாள். இனி சொல்லக் கூடாது. மழை என்றே சொல்ல வேண்டும்.

ஜூன் 14, சனி

கவிதா போன், கோயமுத்தூரிலிருந்து. போன் பேச வேண்டுமென்றால் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி வரை போக வேண்டும், உள்ளே சிக்னல் இல்லை.

"அப்பா, சேலத்துல ஒரு ஹோம் பாத்திருக்கறேன். அம்மா மாதிரி இருக்கறவங்களுக்கு மட்டும். நர்ஸ் இருக்காங்க. ஒரு எடம் காலியா இருக்காம்."

"உங்கம்மா என்ன அனாதையா?"

"நான் அப்படிச் சொல்லலையேப்பா. என் ஊட்டு நெலம உங்களுக்குத் தெரியும். மாமியாரே படுக்கைல கெடக்கறாங்க. உங்களுக்கும் அறுபத்தி நாலு ஆச்சு. ஒத்த ஆளா எப்படிப் பாப்பீங்க?"

"பாக்கறேன். இத்தன நாள் பாக்கலையா?"

"ஒரு நாள் கதவத் தொறந்துட்டுப் போயிட்டாங்கன்னா?"

"வெளிய போறப்ப பூட்டிட்டுத்தான் கண்ணு போறேன்."

வைத்துவிட்டேன். கோபம் அடங்கவில்லை. உள்ளே வந்தால் பா. என் சட்டைகளை எல்லாம் எடுத்து மடித்துக்கொண்டிருக்கிறாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடிக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் நாலு மடித்தேன். நல்ல சாயங்காலம்தான். அவளை எங்கும் அனுப்பப் போவதில்லை. இதை எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே மாறாமல் இருக்க.

ஜூன் 16, திங்கள்

பா.வைக் காணோம்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன். பா. கட்டிலில். காய்ச்சல் 102.

நேற்று காலை 10.40. எடிட்டர் பெண் போன். பின்பக்கம் போனேன். வெளியே போகவில்லையே, பின்பக்கம்தானே என்று பூட்டவில்லை. கதவைச் சாத்தினேன், அவ்வளவுதான். அந்தப் பெண், "சார், சேலம் கமா தமிழ்நாடு வரைக்கும் ஓகே. தமிழ்நாட்டுக்குப் பின்னால எதுக்குங்க சார் இன்னொண்ணு?" என்றாள். விளக்கினேன். உதாரணம் சொன்னேன். தொட்டில் கயிறும் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்கிற வரைக்கும் விடவில்லை. குரல்கூட நன்றாக இருந்தது, பழைய வகுப்பறைக் குரல். உள்ளே வந்தபோது 11.05. கதவு திறந்து கிடந்தது.

இருபத்தைந்து நிமிடம். ஒரு கமாவுக்கு.

சந்து, ஏரிக்கரை, பஜார், பஸ் ஸ்டாண்ட். பக்கத்து வீட்டுச் செல்வியும் கூட வந்தாள். செருப்பு வாசலிலேயே கிடந்தது, வெறுங்காலோடு போயிருக்கிறாள். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கொடுத்தேன். என்ன நிறச் சீலை என்று கேட்டார்கள். தெரியவில்லை. காலையில் நான்தான் கொசுவம் பிடித்து விட்டேன், நிறம் தெரியவில்லை. செல்விதான் சொன்னாள், பச்சை என்று.

வாரம் முழுக்க அம்மா அம்மா என்றாளே, மாரமங்கலம்தான் போயிருப்பாள் என்று எல்லாரும் சொன்னார்கள். டீக்கடைக்காரரும் அதையேதான் சொன்னார்: "பொறந்த எடத்துக்குத்தானுங்க காலு போவும்." எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஜீப் பிடித்தேன். மழை வலுத்தது. மாரமங்கலத்தில் அவள் அம்மா இருந்த வீட்டில் இப்போது ஆளில்லை. மிளகுக் கொடி ஏறிய மரம் மரமாகப் போய்க் கூப்பிட்டேன். "பார்வதி, பார்வதி" என்று. பெயர் சொல்லி இவ்வளவு சத்தமாக என் வாழ்நாளில் கூப்பிட்டதில்லை. காட்டில் வேலை செய்த பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி கேட்டாள், "ஏனுங்க, மாடு தப்பிச்சுப் போச்சுங்களா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

நாலரை வரை அங்கேயே. ஓடையைப் பார்த்தேன். ஒவ்வொரு பச்சையும் சீலையாகத் தெரிந்தது.

5.20க்குப் போன். நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் குமார். என்னிடம் படித்தவன்.

"சார், பதறாதீங்க. நம்ம அம்மா இங்க இருக்கறாங்க. உங்க பழைய ஊட்டு வாசல்ல."

ஜூன் 17, மாலை

பா. கஞ்சி இரண்டு வாய். தூங்குகிறாள். மீதியை எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நடந்தது இதுதான், குமார் விசாரித்துச் சொன்னது. பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறாள். எங்கே போகணும்மா என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார். லைன் நம்பர் செவன் கமா நாகலூர் கமா. கண்டக்டருக்கு ஆச்சரியம். படித்த அம்மா, விவரமாக அட்ரஸ் சொல்கிறார்கள், பர்ஸை மறந்திருப்பார்கள் என்று டிக்கெட் இல்லாமலே ஏற்றி, நாகலூரில் கைபிடித்து இறக்கியும் விட்டிருக்கிறார். நல்ல மனிதர். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஏழாம் நம்பர் லைனில் இப்போது லட்சுமி என்றொரு பெண்ணின் குடும்பம். எல்லாரும் எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டார்கள். வீடு பூட்டு. பா. படியில் உட்கார்ந்துவிட்டாள். போகிறவர் வருகிறவர் கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்: "சாவி வாத்தியார்கிட்ட இருக்குதுங்க. இஸ்கூல் உட்டதும் வந்துருவாரு." தெளிவாகச் சொன்னாளாம், சிரித்துக்கொண்டு. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. மழை வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. லட்சுமி ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்து பார்த்து, துண்டு கொடுத்து, டீ வைத்துக் கொடுத்து, ரைட்டரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஐந்து மணி நேரம் எனக்காக உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளை மாரமங்கலத்து ஓடையில் தேடிக்கொண்டிருந்தேன்.

குமார் சொன்னான், "நீங்க டிக்டேசன் குடுப்பீங்களே சார், அதே அட்ரஸ். எங்க எல்லாருக்கும் இன்னும் மனப்பாடம். நீங்க தேடறது தெரிஞ்சிருந்தா நானே நேரா இங்கதான் வந்திருப்பேன்." அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை. போன செவ்வாய்தான் டாக்டர் முன்னால் சொன்னாள். நான் காதால் கேட்டேன். சிரித்தேன். மார்க் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜீப்பிலிருந்து இறங்கி ஓடினேன். நனைந்து, உதடு நீலம் பாய்ந்து, பலாமரத்தடியில் நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் மலரவில்லை. துண்டை ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு கேட்டாள்:

"சார், எங்கூட்டுக்காரரைப் பாத்தீங்களாங்க?"

லட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 19, வியாழன்

காய்ச்சல் 100. இருமல். டவுன் டாக்டர் வந்து ஊசி. நெஞ்சில் சளி, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்துக்கொள்கிற லட்சணம் ஊருக்கே தெரியும்.

எடிட்டர் பெண்ணிடமிருந்து செய்தி: "சார், பெரியவங்ககிட்ட கேட்டேன். நீங்க சொன்னதுதான் கரெக்டாம். கடைசிக் கமா எல்லா எடத்துலயும் திரும்பப் போட்டாச்சு."

ஜெயித்துவிட்டேன்.

செல்வி ரசம் கொண்டுவந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

காய்ச்சல் இல்லை. வெயில் ஒரு மணி நேரம். துணி காய்ந்தது.

பாடத்தை மாற்றிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். பழசை அழித்துப் புதுசு. ஏரி ரோடு கமா ஏற்காடு கமா. என்ன பெரிய வித்தை, ஒரு ஊர்ப்பெயர்தானே. திருப்பிச் சொல் என்றேன். சொன்னாள். மறுபடி என்றேன். ஏரி ரோடு கமா நாகலூர் கமா. இல்லை. மறுபடி. லைன் நம்பர் செவன் கமா. நாற்பது தடவை இருக்கும். கடைசியில் கத்திவிட்டேன். மேசையில் ஓங்கி அடித்தேன். தம்ளர் உருண்டது.

பா. சுவரோடு ஒட்டிக்கொண்டு, "நாளைக்குப் படிச்சுட்டு வந்தர்றனுங்க சார். அடிக்காதீங்க சார்" என்றாள்.

முப்பத்தெட்டு வருடம் 'ஏனுங்க' என்றவள். அந்த ஒரு சொல்தான் என் பெயர். அது போய்விட்டது. இனி வராது என்று தெரிகிறது.

நான் பிள்ளைகளை அடித்திருக்கிறேன். அடுப்படியில் நின்று அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். கவிதாவைக் கூப்பிட்டேன். "அந்த எடம் இன்னும் இருக்குதா கண்ணு?" என்று கேட்டேன். அவள் அழுதாள். இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

கவிதா வந்துவிட்டாள். அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினாள். பா.வுக்கு மகள் யாரென்று தெரியவில்லை, ஆனால் பிடித்திருக்கிறது. "நொம்ப நல்ல புள்ள. எந்தூர்க்காரி சாமி நீ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எடுத்துப் போக வேண்டியவை: சீலை 6 (பச்சையும்). ஸ்வெட்டர் தேவையில்லை, சேலத்தில் வெக்கை. மாத்திரை, சீட்டு. சீப்பு. கண்ணாடி. ஆதார். போட்டோ 3.

ஆதாரில் நாகலூர் முகவரிதான் இன்னும். பதினோரு வருடமாக மாற்றவில்லை. எங்கள் வீட்டில் எதைத்தான் மாற்றினேன்?

14ஆம் தேதி எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். அவளை எங்கும் அனுப்பப் போவதில்லை என்று இருக்கிறது. கையெழுத்து நன்றாக இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

சேலம் போய் வந்தேன். மழை இல்லை.

மலை இறங்கும்போது பா. வாந்தி எடுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து குரங்குகளை எண்ணினாள்.

இடம் சுத்தம். பத்துக் கட்டில், ஜன்னல், வேப்பமரம். ஆங்கிலத்தில் ஃபாரம். பெயர், வயது, சேர்த்த தேதி, நிரந்தர முகவரி. கவிதா எழுதுகிறேன் என்றாள், விடவில்லை. நானே எழுதினேன். கடைசியில் கையெழுத்துப் போட்ட இடத்தில் இடம், தேதி என்று இருந்தது. சேலம், ஜூன் 24. ஆண்டைப் போட்டேன். கமா போட்டேனா என்று நினைவில்லை. எழுதிய பிறகு சரிபார்க்காமல் கொடுத்த முதல் தாள் அதுதான்.

நர்ஸ் வயதான அம்மாள். பா.வின் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தாள். கவிதா பையோடு வராந்தாவுக்குப் போய்விட்டாள், அங்கே நின்று அழ. நான் கட்டில் ஓரம்.

"ஏனுங்கம்மா, எந்தூருங்க நீங்க?" என்றாள் நர்ஸ்.

பா. நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வீ லிவ் இன் லைன் நம்பர் செவன் கமா நாகலூர் கமா ஏற்காடு கமா சேலம் டிஸ்ட்ரிக்ட் கமா."

நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"அப்பறமுங்க சார்?"

அப்புறம் பலாமரம் இருக்கிறது. அது அவளுக்கு மறந்துவிட்டது. எடுத்துக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள், நான் அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். கண்டிப்பாகக் கூட்டி வந்திருப்பேன். நர்ஸும் காத்திருந்தாள். பா. கண் இமைக்காமல் காத்திருந்தாள்.

"ஃபுல்ஸ்டாப்" என்றேன்.

தலையை ஆட்டினாள். கையில் இல்லாத பென்சிலைப் பக்கத்தில் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

நான் வந்துவிட்டேன்.